அந்தச் சிறிய குழாயைக் கழற்றச் சொன்னவர்கள்

இலங்கையில் பழைய கார்களைப் பேணுவோர்மீது எனக்கு ஒரு வழக்கு உண்டு. நெடுநாளாக மனத்தில் கிடந்த வழக்குத்தான். அண்மையில் திருகோணமலையில் இருபது கார்கள் வரை நிறுத்திவைத்து நடத்திய ஒரு சிறு கண்காட்சிக்குப் போய்வந்த பிறகு, இனியும் எழுதாமலிருப்பது சரியல்ல என்று தோன்றியது.

கார்கள் அழகாகத்தான் இருந்தன. முகம் பார்க்கலாம் போல மெருகேற்றிய மொறிஸ் மைனர்கள், ஒரு வொக்ஸ்வாகன், இரண்டு பேஜோக்கள். வடக்கிலிருந்து ஒரு முதியவர் தமது ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜைக் கொண்டுவந்திருந்தார். வாடகைக் காராக ஓடியது. முன்மூடியைத் திறந்ததும் காபரேற்றருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பித்தளைத் திருகுகுழாய் தெரிந்தது. அதிலிருந்து இரண்டு இறப்பர்க் குழாய்கள் வெவ்வேறு திசையில் போயின. மதிப்பிட வந்தவர் பார்த்தார், தாளில் ஏதோ குறித்தார். “மூலத்தன்மை”க்கான புள்ளி குறைந்துவிட்டது. அடுத்த முறை வரும்போது அதைக் கழற்றிவிட்டு வாருங்கள் ஐயா என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனார். முதியவர் தலையாட்டினார்.

அந்தக் குழாய் என்னவென்று அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் பெற்றோல், பற்றறி, உரம், சீமெந்து என நூறு பொருள்கள் வடக்குக்குத் தடைசெய்யப்பட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1995 வரையும் வன்னியில் 2002 தொடக்கம் வரையும் அந்தத் தடையுடன்தான் மக்கள் வாழ்ந்தார்கள். மண்ணெண்ணெய் மட்டும் ஓரளவு கிடைத்தது. கார்கள் அதில் ஓடின. எல்லாக் கார்களும் அல்ல. பின்னாளில் வந்த யப்பானியக் கார்கள் அழுத்த விகிதம் கூடியவை. மண்ணெண்ணெயைக் கொடுத்தால் தட்டித்தட்டியே செத்துப்போகும். ஐம்பதுகளின் ஆங்கிலேயக் கார்களுக்கு அழுத்தம் குறைவு, பொறுமை அதிகம். கேம்பிரிட்ஜின் 1489 சிசி இயந்திரமும், மொறிஸ் மைனரின் அதைவிடச் சிறிய இயந்திரமும் அதைச் சகித்துக்கொண்டன.

ஆனால் குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஒரு சிறு போத்தலில் பெற்றோல் தனியாக இருக்கும். பெரும்பாலும் சேலைன் போத்தல். முதலில் அதிலிருந்து சில துளிகள் கொடுத்து இயக்க வேண்டும். உறிஞ்சுகுழாய் நன்றாகச் சூடேறியதும் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு வந்து காபரேற்றரைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாள் காலையில் தள்ளுவதற்கு நான்குபேரைத் தேட நேரும். எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அந்த ஒயிலும் கிடைப்பதரிது. பின்னால் வெண்புகை. ஊரெல்லாம் அடுப்படி மணம். கராஜ்காரர்கள் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படிக்காமல் இதைக் கண்டுபிடித்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, கைகளால் செய்து முடித்தார்கள்.

கர்ப்பிணிகளும் காயம்பட்டவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போனது இந்தக் கார்களில். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, இலட்சக்கணக்கான மனிதருக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே ஊர்ந்தவையும் இவைதாம். அந்தப் பித்தளைத் துண்டுதான் இன்று புள்ளி குறைக்கும் குற்றமாகியிருக்கிறது.

எனக்கு உரிமையான கார்கள் அதிகமில்லை. என் தந்தையாரிடம் ஒஸ்ரின் ஏ40 சோமசெற் ஒன்று இருந்தது. 1950களின் தொடக்கத்தில் இரண்டு ஆண்டுகள் மட்டுமே ஒஸ்ரின் நிறுவனத்தார் செய்த வகை. 1200 சிசி, உருண்ட முதுகு. திரியாயிலிருந்து திருகோணமலை நகருக்கு ஏறத்தாழ 45 கிலோமீற்றர். இப்போது பாலங்கள் இருக்கும் இடங்களில் அக்காலத்தில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் காரை ஏற்ற வேண்டும். கார் ஏறியதும் மிதவை ஒருபக்கம் சாயும், அம்மா கந்தசுவாமியைக் கூப்பிடுவார். 1985 ஜூனில் திரியாய் எரிக்கப்பட்டபோது அந்தக் காரும் எரிந்தது. ஊரே வெளியேறிய பின் இரும்புக்கூட்டைப் பார்ப்பதற்கும் யாரும் இல்லை. அதை எந்தக் கண்காட்சியிலும் வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

இரண்டாவது, நானே வாங்கிய மொறிஸ் மைனர். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: 2014 வரை உங்களூர்த் தெருக்களுக்கு வந்துகொண்டிருந்த அம்பாசடர், மொறிஸ் ஒக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையில் பிறந்தது. மைனர் அதே குடும்பத்துச் சின்னவன்.) யாழ்ப்பாணத்தில் பத்திரிகைப் பணியிலிருந்த காலத்தில் அதற்கும் பித்தளைத் திருகு பூட்டினோம். பின்பு விற்றேன். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும் தெற்கிலிருந்து பழைய கார் தேடி வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். வடக்கில் அவை மலிவு, துரு குறைவு. வாங்கிக்கொண்டு போய் முதல் வேலையாகக் கழற்றி எறிந்தது அந்த இரட்டைக் குழாயை.

பத்திரிகைக்காரனாக எனக்கு ஓர் ஒப்புமை உடனே தோன்றுகிறது. அதே தடைக்காலத்தில் அச்சுத்தாளும் வரவில்லை. யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் பள்ளிப் பிள்ளைகளின் கோடுபோட்ட பயிற்சிப்புத்தகத் தாளில் அச்சாகின. நீலக் கோடுகளுக்கு மேலே தலைப்புச் செய்தி. அந்த இதழ்கள் இன்று ஆவணங்கள். கையில் எடுக்கும் ஆய்வாளன் முதலில் பார்ப்பது செய்தியை அல்ல, அந்தக் கோட்டை. அதை வெள்ளைத்தாளில் மறுபடி அச்சடித்து “மூலநிலைக்கு மீட்டுவிட்டோம்” என்று ஒருவர் கொண்டுவந்தால் சிரிக்கமாட்டோமா? காருக்கு மட்டும் அது மீட்டெடுப்பு, அதற்கு வெற்றிக்கிண்ணம்.

வெளியுலகம் இந்த விடயத்தில் நம்மவர்களைவிடத் தெளிவாக இருக்கிறது. இங்கிலாந்தில் 1940களின் இறுதியில் ஃபெர்குசன் நிறுவனத்தார் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் உழவு இயந்திரங்களைச் செய்தார்கள். பெற்றோலில் இயக்கிச் சூடேற்றி, பிறகு மாற்றும் அதே உபாயம். இன்று அங்குள்ள கண்காட்சிகளில் அவற்றை அந்த இரட்டை ஏற்பாட்டோடுதான் பெருமையாக ஓட்டிக்காட்டுகிறார்கள். கியூபாவில் அமெரிக்கத் தடையின்கீழ் பழைய ஷெவ்ரொலேக்களுக்கு டீசல் இயந்திரமும் கிடைத்த உதிரிப்பாகமும் பொருத்தி ஓட்டுகிறார்கள். உலகம் விமானமேறிப் போய்ப் படம் எடுக்கிறது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுச் சம்மேளனமான ஃபிவாவின் தூரின் சாசனம், 2013இல் வெளியானது, ஒரு வாகனத்தைத் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் தோற்றத்துக்கே திருப்ப வேண்டிய அவசியமில்லை என்கிறது. பயன்பாட்டுக் காலத்தில் நேர்ந்த மாற்றங்களும் அதன் வரலாறு என்பதே அதன் கருத்து. நம்முடைய மதிப்பீட்டாளர்கள் ஐரோப்பியரைப் பின்பற்றுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதைக்கூடச் சரியாகச் செய்யவில்லை.

காரின் சொந்தக்காரர் தமது காரை விருப்பப்படி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். தாராளமாக. கழற்றுவதும் அவர் உரிமை. நான் பேசுவது புள்ளித்தாளைப் பற்றி. அது பொதுவில் வைக்கப்படும் அளவுகோல். எது பேணத்தக்கது, எது குப்பை என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்கிறது. அந்த முதியவரின் பேரன் பக்கத்தில் நின்றான். தாத்தாவின் காரில் வெட்கப்பட வேண்டிய ஏதோ ஒன்று இருப்பதாக அவன் அன்று கற்றுக்கொண்டான்.

கார்க் கண்காட்சியில் அரசியல் வேண்டாமே என்று இன்னொரு குரலும் வந்தது, தேநீர் குடிக்கும்போது. திருகைக் கழற்றிய காரில் மட்டும் அரசியல் இல்லையாமா? 1957இல் பேர்மிங்காமில் பிறந்து, பளபளவென்று நேரே 2025க்கு வந்து சேர்ந்தது போல நிற்கிறது அது. நடுவில் இந்த மண்ணில் எதுவுமே நடக்கவில்லை என்பதைவிட உரத்த அரசியல் எது?

திரியாய்க்காரனான எனக்கு ‘மரபுரிமை’ என்ற சொல் சும்மா காதில் விழுவதில்லை. எங்களூரில் கிரிஹண்டு தூபி உள்ள குன்றின் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டொன்று உண்டு, ஏழு எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. யார் எந்த எழுத்தைக் கொண்டு எங்கே வந்தார் என்பதற்கு அது சாட்சி. 2020 ஜூனில் கிழக்கின் தொல்லியல் மரபுரிமைக்கென ஒரு ஜனாதிபதி செயலணி அமைந்தது. தமிழரும் முஸ்லிம்களுமே பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணி அறிவிக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. எதைப் பேணுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் நாம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பது எங்களுக்குப் பழக்கமான கதை. ஆகவேதான் தமிழரே நடத்தும் ஒரு சிறு கண்காட்சியிலும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை.

2022இல் நாடே எரிபொருள் வரிசையில் நின்றது. கியூஆர் அட்டை வந்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. மீனவர் படகுகளை இழுத்துக் கரையில் போட்டார்கள். வடக்கில் ஐந்தாண்டும் வன்னியில் பன்னிரண்டாண்டும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று அப்போதாவது ஒருவர் வந்து கேட்டிருக்கலாம். 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை கார் இறக்குமதியும் நின்றிருந்ததால் பழைய கார்களுக்குக் கிராக்கி ஏறி, மிஞ்சியிருந்த ஆங்கிலேயக் கார்களும் கை மாறின. ஒவ்வொரு கைமாறலிலும் ஒரு திருகு குப்பைக்குப் போகிறது. செய்த கராஜ்காரர்களோ எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

கண்காட்சி நடத்துவோரிடம் நான் கேட்பது பெரிதல்ல. தடைக்கால மாற்றங்கள் உள்ள கார்களுக்கென ஒரு தனிப்பிரிவு வையுங்கள். திருகு இருந்தால் புள்ளி கூட்டுங்கள். காரின் முன்னே வைக்கும் அட்டையில் தயாரிப்பு ஆண்டு, இயந்திரக் கொள்ளளவு இவற்றோடு, மண்ணெண்ணெயில் ஓடிய ஆண்டுகளையும் எழுதுங்கள். அந்த முதியவரை அடுத்த முறை அழைக்கும்போது ஒரு நாற்காலி போட்டு, முன்மூடியைத் திறந்து, பிள்ளைகளுக்கு முன்னால் இயக்கிக்காட்டச் சொல்லுங்கள். புகை வரும், சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.