சாவியை யாரிடம் ஒளிப்பது?

லாஸ்பேட்டை தேநீர்க் கடையில் கல்லூரிப் பையன்கள் இருவர், “உனக்கு எத்தனை பேர் செத்தாங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு ‘டோன்ட் எஸ்கேப்’ பற்றியது. ஸ்கிரிப்ட்வெல்டர் என்ற பெயரில் இயங்கும் போலந்துக்காரர் 2013-இல் உருவாக்கிய கணினி விளையாட்டு. பூட்டிய அறையிலிருந்து தப்புவது ‘எஸ்கேப்’ வகை விளையாட்டுகளின் வழக்கம். இதில் நாமே ஓநாய் மனிதன். இருட்டுவதற்குள் கதவைப் பூட்டி, சங்கிலி தேடி, நம்மை நாமே சிறைவைக்க வேண்டும். ஒரு பூட்டை மறந்தாலும் ஊரில் உயிர் போகும். எத்தனை உயிர் என்பதையும் கடைசியில் சொல்லிவிடுவார்கள். அந்த எண்தான் என்னை உலுக்கியது. நம் பேய்ப் படங்களில் பயம் எப்போதும் கதவுக்கு வெளியே நிற்கும். தாயத்தும் எலுமிச்சையும் அதைத் தடுக்கத்தான். கோபம், குடி என்று தன்னையே அஞ்ச வேண்டிய மனிதனைத் திகில் கதையாக நாம் அதிகம் யோசித்ததில்லை. வன்முறை கற்றுத்தருவதாக விளையாட்டுகளைத் திட்டும் பெற்றோரே, இதை ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து ஆடிப்பாருங்கள். இந்த விளையாட்டு முதலில் ஓடிய ஃபிளாஷ் மென்பொருள் 2020-உடன் முடிந்துபோனாலும், தொடரின் முதல் மூன்று பாகங்களும் ஒரே தொகுப்பாக ஸ்டீம் இணையக் கடையில் கிடைக்கின்றன. விடைகளை மட்டும் யூடியூபில் தேடாதீர்கள்.