கஞ்சியைக் கண்டு மயங்காதீர்கள்!

போன தை மாதம் ஒரு நாள் மத்தியானம் என் தங்கையின் பெண் ஒரு துணி மூட்டையை அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். முகம் வாடிக் கிடந்தது. "பெரியம்மா, நீங்களே பாருங்கள் இந்தக் கோலத்தை!" என்று மூட்டையை அவிழ்த்து என் மடியில் போட்டாள்.

அவள் தன் முதல் குழந்தைக்கென்று தைத்த போர்வை அது. இரண்டு துணிகளுக்கு நடுவே மெல்லிசாகப் பஞ்சைப் பரப்பி, மூன்றையும் சேர்த்து நெருக்கி ஓட்டுத் தையல் போடுவார்களே, வடக்கே ரஜாய் என்கிறார்களே, அதுதான். மேல் பக்கம் சிவப்பும் வெள்ளையுமாகச் சதுரம் சதுரமாய் ஒட்டு வேலை. மூன்று மாத உழைப்பு. ஒரே ஒரு சலவைதான் போட்டாளாம். வெள்ளைச் சதுரமெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. அடித்துணி சுருங்கி இழுத்ததில் போர்வை வாடிய வாழையிலை மாதிரி சுருண்டு கிடந்தது. நாலைந்து இடத்தில் தையலோரம் இழை விலகிப் பஞ்சு எட்டிப் பார்த்தது.

"சுத்தமான பருத்தி என்று கடைக்காரர் சத்தியம் செய்தாரே, பெரியம்மா!"

அவர் சத்தியம் பொய்யில்லை, சகோதரிகளே. துணி பருத்திதான். பருத்தியாக இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் விஷயம். ரவிக்கைத் துணி மோசமாகப் போனால் ஒரு ரவிக்கையோடு நஷ்டம் தீர்ந்தது. போர்வையில் அப்படியா? பத்துத் தினுசுத் துணியை ஆயிரக்கணக்கான தையலால் ஒன்றோடொன்று கட்டிப் போடுகிறோம். ஒரு துணி செய்யும் துரோகம் மற்ற ஒன்பதையும் கெடுத்துவிடும்.

மலிவுத் துணியின் முதல் மாயம் கஞ்சி. தறியில் பாவு நூல் அறுந்து போகாமலிருக்கக் கஞ்சி போடுவது நியாயமான வழக்கம். அது போக, இழையை மிச்சம் பிடித்து நெய்த துணிக்குத் தடிப்புக் காட்டுவதற்காக அள்ளிப் பூசுகிற கஞ்சியும் உண்டு. கடையில் மொடமொடவென்று நிற்கும். வீட்டில் நனைத்தால் சல்லாத் துணி! ஆகையால் கடையிலேயே ஒரு மூலையை இரண்டு கைக்கும் நடுவே வைத்துக் கசக்குங்கள். மாவு மாதிரி உதிர்ந்தாலோ, கசக்கிய இடம் மட்டும் தொளதொளத்துப் போனாலோ, விலையைக் கேட்காமலே நகர்ந்துவிடலாம். வீட்டில் சோதிப்பதென்றால் டிங்க்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கஞ்சி இருந்தால் அந்த இடம் கருநீலமாகும்.

அடுத்தது நெருக்கம். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரிடம் அடர்த்தி, ஓரிடம் சன்னம் என்று திட்டுத் திட்டாகத் தெரிந்தால் வேண்டாம். பிறகு இரண்டு கட்டைவிரல் நகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அழுத்தி எதிரெதிராகத் தள்ளுங்கள். இழை விலகி வழி விட்டால், தையலும் அப்படித்தான் விலகும். என் தங்கை பெண்ணின் போர்வையில் பஞ்சு எட்டிப் பார்த்ததற்கு இதுதான் காரணம்.

எத்தனை இழை இருந்தால் நல்லது என்று கேட்பீர்கள். அது நூலின் நம்பரைப் பொறுத்தது. 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை வருகிறதோ, அதுதான் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. 20-ம் நம்பர் நூலில் நெய்த காடாத் துணிக்கு அங்குலத்துக்கு 60 இழை போதும். 60-ம் நம்பர் நூலில் நெய்த கேம்பிரிக் என்றால் 90 இழையாவது வேண்டும். "நெருக்கம் ஜாஸ்தியானால் இன்னும் உசத்திதானே?" என்று எண்ணிவிடாதீர்கள். மிகவும் நெருக்கி நெய்த படுக்கை விரிப்புத் துணியில் கை ஊசி இறங்காது, விரல்தான் புண்ணாகும். கைப்பையில் ஒரு ஊசியை வைத்துக்கொண்டு, கடைக்காரரைக் கேட்டு ஓரத்தில் ஒரு குத்துக் குத்திப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம்.

இனி சாயம். சென்னையின் பெயர் தாங்கிய கட்டம் போட்ட துணியை 1960-களில் அமெரிக்காவில், "சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்" என்றே விளம்பரம் செய்து விற்றார்கள்! சட்டைக்கு அது அழகாக இருந்திருக்கலாம். வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் வைத்துத் தைக்கிற நமக்குச் சரிப்படாது. வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை நனைத்துத் துணியின் மேல் பத்துத் தடவை தேயுங்கள். சிவப்பு, கறுப்பு, கருநீலம் மூன்றையும் சோதிக்காமல் வாங்கவே கூடாது. உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நாம் காலம் காலமாக நம்பி வருகிறோம். சாயத் தொட்டியில் உப்புப் போடுவது வாஸ்தவம். அது சாயம் நூலில் ஏறுவதற்காக. சாயம் போட்டு முடிந்த துணியில் உப்பு அந்த வேலையைச் செய்யாது. தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசுவதுதான் வழி. நாலு அலசலுக்கும் தெளியவில்லையா? அந்தத் துணியைத் தலையணை உறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சான்போர்டு க்ளூயெட் என்பவர் காப்புரிமை பெற்ற 'சான்பரைஸ்டு' முறையில் பதப்படுத்திய துணி நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் சுருங்காது. சாதாரணத் துணி மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கும். சலவை செய்யாத காடா அதற்கும் மேலே. எனவே எல்லாத் துணியையும் வெந்நீரில் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்தரிக்கோலைத் தொட வேண்டும். கால் மீட்டர் மட்டும் முதலில் வாங்கிச் சோதித்துவிட்டு, மறுநாள் போய் மீதியை வாங்குவது இன்னும் புத்திசாலித்தனம்.

மலிவு என்பதையும் அகலத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். 90 சென்டிமீட்டர் அகலத் துணி மீட்டர் 100 ரூபாய், 112 சென்டிமீட்டர் அகலத் துணி 120 ரூபாய் என்றால், இரண்டாவதுதான் மலிவு. சதுர மீட்டருக்கு முன்னது 111 ரூபாய், பின்னது 107 ரூபாய்தானே ஆகிறது!

காசே செலவில்லாத நல்ல துணியும் ஒன்று இருக்கிறது: வீட்டுப் பீரோவில் கிடக்கும் பழைய நூல் புடவை. சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயமும் கஞ்சியும் என்றோ போயிருக்கும். வங்காளத்துப் பெண்கள் காந்தா போர்வை தைப்பது இப்படிப் பழம்புடவைகளை அடுக்கித்தான். உட்கார்ந்து தேயும் பாகத்தை ஒதுக்கிவிட்டு, முந்தானையையும் உள்ளே சொருகும் பாகத்தையும் இழுத்துப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். 'டர்' என்று கிழிந்தால் அது தரை துடைக்கத்தான்.

என் தங்கை பெண் இப்போது இரண்டாவது போர்வையை ஆரம்பித்திருக்கிறாள். அடித்துணி, அவள் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை. ரோஸ் நிறமாய்ப் போன முதல் போர்வையை நான் கேட்டு வாங்கி எங்கள் ஊஞ்சலில் விரித்திருக்கிறேன். வருகிறவர்களெல்லாம் நிறம் நன்றாயிருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள்!