ஆராய்ச்சிக்கும் ஊதியம் உண்டு

அறிவியல் பட்டம் பெற்றதும் நம் முத்துப்பேட்டை இளைஞர் பலர் கடவுச்சீட்டைத் தேடுகின்றனர். 'ஆராய்ச்சி என்று அலைந்தால் குடும்பத்துக்கு என்ன வழி?' எனப் பெற்றோர் வினவுவதும் இயல்பே.

1925இல் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் இளமையிலேயே தந்தையை இழந்தவர். அவர் மருத்துவராக வேண்டுமென்பதே குடும்பத்தாரின் விருப்பம். 1943இன் வங்கப் பஞ்சமோ அவரைக் கோவை வேளாண் கல்லூரிக்குத் திருப்பியது. பின்னர்க் காவல்துறை உயர்பணிக்குத் தேர்வாகியும் அதனை விடுத்து, 1949இல் யுனெஸ்கோ உதவித்தொகையுடன் நெதர்லாந்து சென்று மரபியல் பயின்றார். 1952இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

அவ்வழி இன்றும் அடைபடவில்லை. முதுகலை அறிவியல் முடித்து, நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால் ஆய்வுக் காலத்திலேயே உதவித்தொகை கிடைக்கும். 2023இல் அது மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தேர்வு கடினமே, ஆயினும் இப்படியொரு வழி உண்டென்பதே நம் இல்லங்கள் பலவற்றை எட்டவில்லை.

சுவாமிநாதன் 1988இல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் நம் அலையாத்திக் காட்டிலும் ஆய்வு செய்தது. அக்காட்டின் சேற்றில் கால் நனைத்து வளர்ந்த பிள்ளைகள் அதனை ஆராய வேண்டாமா? பெற்றோரே, பயணச்சீட்டு வாங்குமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்!