ஆலை மூடினால் மண் யாருக்கு?

ஆலைச் சங்கு ஓய்ந்துவிடுகிறது. புகைபோக்கி மட்டும் நிற்கிறது. கதவிலே பூட்டு, உள்ளே ஆளுயரப் புதர். சம்பளப் பாக்கிக்கு வழக்கு நடக்கிறது. யந்திரங்களுக்குப் பேரம் நடக்கிறது. ஆனால், அந்த மண்ணை என்ன செய்வது என்று தொழிலாளியை எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டுமென்று அவனும் எண்ணுவதில்லை. எண்ணவேண்டும் என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்தது.

நியூயார்க்கை வானளாவிய மாளிகைகளின் நகரம் என்பார்கள். மாளிகை இல்லாதோரும் அங்கே உண்டு. அந்நகரின் வடக்கே உள்ள பிராங்க்ஸ் பகுதியின் தென்பாதியில் கருப்பின மக்களும், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பிழைக்க வந்தோரும் பெருந்தொகையாக வாழ்கின்றனர். அவர்களது வீடுகளுக்கு அருகே ஓடுகிறது பிராங்க்ஸ் ஆறு. நீளம் ஏறத்தாழ 37 கிலோமீட்டர். அதன் கீழ்க்கரையைத் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் வளைத்துக்கொண்டன. ஆறு குப்பைத்தொட்டி ஆயிற்று. டயரும் பழங்காரும் அதிலே கிடந்தன.

அதை விதியென்று அம்மக்கள் விட்டுவிட்டார்களா? இல்லை! 1974-லேயே ஆற்றை மீட்க அமைப்பு ஒன்று தோன்றியது. குப்பையை வாரும் வேலை தொடங்கியது.

அக்கரையிலே இருந்த கான்கிரீட் கலவை ஆலை 1987-இல் நின்றுபோயிற்று. பாழடைந்த அந்த இடத்தை நகர நிர்வாகம் ஏலம்விட முனைந்தது. அக்கம்பக்கத்து மக்கள் ஏலத்தை எதிர்த்தனர். பூங்கா கேட்டனர். முன்வரிசையில் நின்றோர் இளைஞர்கள். 2000-இல் நிலம் பூங்காத் துறையிடம் வந்தது. 2009-இல் பூங்கா திறக்கப்பட்டது. இடையில் ஒன்பது ஆண்டுகள்! சோர்ந்துவிடவில்லை அவர்கள். ஆலையின் உயர்ந்த கலன்களையும் இடித்துத் தள்ளவில்லை. அவை பூங்காவிலேயே நிற்கின்றன. 2007-இல், 200 ஆண்டுகளாகக் காணப்படாத பீவர் என்னும் நீர்விலங்கு அந்த ஆற்றுக்குத் திரும்பி வந்தது.

இது வென்ற கதை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமற்போன கதை ஒன்று நம் நாட்டிலேயே உண்டு.

1982 ஜனவரியில் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன்பின் பல ஆலைகள் மீளவேயில்லை. நகரின் நடுவே ஏறத்தாழ 600 ஏக்கர் ஆலை நிலம்! 1991-இல் விதி வகுத்தனர்: நிலத்தை விற்றுக் கட்டடம் எழுப்ப வந்தால், மூன்றிலொரு பங்கு பூங்காவுக்கும் மைதானத்துக்கும், ஒரு பங்கு பொதுவீட்டு வசதிக்கு, ஒரு பங்கே உடையவருக்கு. நல்ல விதிதான். ஆனால், 2001-இல் ஒரு திருத்தம் வந்தது. கட்டடத்தை இடித்துக் காலியாகும் நிலம் பங்கீட்டில் சேராது, முன்பே காலியாகக் கிடந்த நிலம் மட்டுமே சேரும் என்றது அது. ஆலையென்றால் பெரும்பகுதி கட்டடந்தானே! பொதுமக்கள் பங்கு சுருங்கிவிட்டது. வழக்குத் தொடுத்தனர். 2005-இல் உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2006-இல் உச்சநீதிமன்றம் திருத்தமே செல்லும் என்றது. தறி ஓடிய இடங்களிலே இன்று அங்காடி மாளிகைகள்!

இதிலிருந்து நாம் அறியவேண்டியது என்ன? சட்டத்திலே எழுதியிருந்தால் மட்டும் போதாது, காவல் வேண்டும். எழுதிய கையே திருத்தியும் எழுதும்.

"வயிற்றுக்கே வழியில்லை, பூங்கா எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நிலுவைச் சம்பளந்தான் முதற்கோரிக்கை. அதிலே இரண்டு கருத்தில்லை. ஆனால், பங்களாவும் தோட்டமும் உள்ளவருக்குப் பொதுப் பூங்கா தேவையில்லை. ஒற்றை அறையிலே ஆறுபேர் படுத்தெழும் குடும்பத்துக்குத்தான் அது தேவை. அவன் பிள்ளைக்கு ஓடியாட வேறு இடம் ஏது?

சென்னைப் பெரம்பூரை எண்ணிப்பாருங்கள். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஈன்றது அங்குள்ள பக்கிங்காம்–கர்நாடிக் ஆலைகளின் பாட்டாளிப் பட்டாளம். 1996-இல் அவ்வாலை மூடப்பட்டது. இதுபோல் கதவடைத்த ஆலைகள் ஊருக்கு ஊர் உண்டு.

ஆகவே தோழர்களுக்குச் சொல்கிறோம்: உங்கள் பகுதியில் மூடிக்கிடக்கும் ஆலைகளைக் கணக்கெடுங்கள். நிலம் சர்க்காருடையதா, தனியாருடையதா, குத்தகையா என்று பத்திரத்தைப் பாருங்கள். விற்பனைப் பேச்சு எழும் முன்பே ஒரு பகுதியைப் பொதுவுக்குக் கேளுங்கள். செடி நடும் ஆர்வத்தில் ஒன்றை மறந்துவிடாதீர்கள். தோல் பதனிட்ட இடத்திலே குரோமியம் தங்கியிருக்கும். சாயமும் அமிலமும் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். மண்ணைச் சோதித்த பின்பே குழந்தைகளை விளையாட விடவேண்டும். நஞ்சைக் கொட்டியவரே அகற்றும் செலவை ஏற்கவேண்டும். இலாபம் ஒருவருக்கு, நஞ்சு ஊருக்கு என்பது என்ன நியாயம்?

வேலை போனதோடு சங்கத்தின் வேலை முடிந்துவிடவில்லை. பூட்டிய ஆலைக்கதவின் முன் முதலில் வந்து நிற்கப்போவது நிலத்தரகரா, தொழிலாளியா? தொழிலாளியே நிற்கவேண்டும். அதற்கான கூட்டத்தை இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் தெருவிலே கூட்டுங்கள்!