உறையின் பின்பக்கம்

‘ஹிப்-ஹாப்’ இசையில் டாக்டர் டிரே என்றால் அமெரிக்காவில் அறியாதார் இல்லை. (மருத்துவர் அல்லர், ஆண்ட்ரே யங் என்பது இயற்பெயர்.) 1999-இல் வெளிவந்த அவருடைய ‘2001’ என்னும் இசைத்தொகுப்பில் பெரும்பாலான பாடல்களை அவரோடு சேர்ந்து உருவாக்கியவர் மெல்-மேன். இந்தப் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அத்தொகுப்பின் ‘ஸ்டில் டி.ஆர்.இ.’ பாடலைத் தூக்கி நிறுத்துவது திரும்பத் திரும்ப ஒலிக்கும் பியானோ. அதை வாசித்தவர் ஸ்காட் ஸ்டோர்ச். அவர் பின்னர் தனியே தொழில் நடத்திப் புகழ் கண்டார். 2004-இல் அவர் இசையமைத்த ‘லீன் பேக்’ அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. மெல்-மேனுக்கு அந்த வெளிச்சம் வாய்க்கவில்லை.

“உறையில்தான் பெயர் போட்டிருக்கிறதே, போதாதா?” என்று நண்பர்கள் கேட்கின்றனர். உண்மைதான். எந்த ஒலி நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன காதும் டிரேயுடையதே. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ஆசானின் அருமை அறியாதவன் அல்லன். ஆயினும், பொடி எழுத்தில் ஒரு பெயரைப் போட்டதோடு கூட உழைத்தவனின் கணக்குத் தீர்ந்துவிடாது என்பேன். பேட்டியிலும் மேடையிலும் ஆசானே அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாளை எந்த ஆய்வுக்கூடத்தில் யாருக்குக் கீழ் நான் வேலைக்குச் சேர்ந்தாலும் சம்பளத்தோடு இதையும் கேட்பேன்.