தரையில் நிற்கும் ஜெனரேட்டர்

எங்க ஊர் கொள்ளிடக் கரை. 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் சனமெல்லாம் பாதுகாப்பு மையத்து மாடியில் கிடந்தோம். ஜெனரேட்டரோ கீழே, படிக்கட்டுக்கு அடியில்! முதலில் மூழ்கியது அதுதான். மோட்டார் ஓடவில்லை, சுற்றிலும் தண்ணீர், குடிக்கச் சொட்டு இல்லை.

"தண்ணி வர்ற ஊர்ல மிஷினைத் தரையிலயா வைப்பாங்க?" என்றார் பள்ளிக்கூடம் போகாத என் அப்பா.

2011-இல் ஜப்பானின் புகுஷிமாவிலும் பெரும்பாலான டீசல் ஜெனரேட்டர்கள் தரைக்குக் கீழ்த்தளத்தில்தான் இருந்தன. சுனாமி புகுந்து நின்றுபோயின. படித்தவர்கள் கட்டியதுதான் அதுவும்!

மாடியில் வைத்தால் கனம், அதிர்வு என்பார்கள். சரி, பழைய வெள்ளக் குறிக்கு மேலே கான்கிரீட் மேடை கட்டலாமே? சேஞ்ச் ஓவர் சுவிட்சும் டீசல் டேங்கும் கூடவே மேலே ஏறணும். மாதம் ஒருமுறை லோடு கொடுத்து ஓட்டணும். இல்லாட்டி பேட்டரி செத்துக் கிடக்கும்.

எங்க ஜெனரேட்டரை ரிப்பேர் பார்த்துக் கொண்டுவந்தார்கள். வைத்தது அதே படிக்கட்டுக்கு அடியில்.