புரியாத தாளில் கைந்நாட்டு!

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கைப்பேசி இல்லாத கல்லூரி மாணவரைக் காண்டல் இன்று அரிது. சுண்ணாம்புக்கல் வெட்டிப் பைஞ்சுதை ஆலைக்கு அனுப்பும் தொழிலாளியின் மகனும், வெங்காயமும் மக்காச்சோளமும் விளைக்கும் உழவரின் மகளும் தம் குடியில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறி, பாவேந்தர் பெயர்தாங்கி 1982இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெறுகின்றனர். 2011 தொடங்கித் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளும் சிற்றூர் வீடுகளுக்குள் புகுந்தன. இவை மகிழத்தக்கனவே.

ஆயின், கருவி கையிலிருத்தல் வேறு. அதனை ஆளும் அறிவு வேறு. நாளெல்லாம் படம் தள்ளிப் பார்க்கும் விரல், உதவித்தொகைப் படிவம் நிரப்பப் பிறருக்குக் காசு கொடுத்துக் காத்து நிற்கிறது. வந்த செய்தி மெய்யா பொய்யா என்று ஆராயாமல் பத்துப் பேருக்கு அனுப்புகிறது. கேட்பவன் யாரென்று பாராமல் கடவெண்ணைச் சொல்லி, பெற்றோர் வியர்வை சிந்திச் சேர்த்ததை இழக்கிறது.

இக்குறைக்கு மாணவரை மட்டும் நோவதில் பயனில்லை. கணினியறிவு என்றாலே ஆங்கிலவறிவு என்று கற்பித்தவர் யாவர்? பக்கம் பக்கமாய் ஆங்கிலத்தில் வரும் கட்டுப்பாடுகளைப் படிக்க இயலாமல், 'ஒப்புகிறேன்' என்னுமிடத்தில் விரல் வைக்கிறார் நம் பட்டதாரி. வட்டிக்காரன் நீட்டிய புரியாத தாளில் கைந்நாட்டு வைத்த பாட்டனுக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு?

அதனினும் நோவு தருவது மற்றொன்று. தமிழில் நினைத்து, அந்நினைவை ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர் நம் பிள்ளைகள். 'பல்லி'யும் 'பள்ளி'யும் அங்கே ஒன்றாகின்றன. 'மன'மும் 'மண'மும் மயங்குகின்றன. கேட்டால், அதுவே எளிது என்பர். எளிதா? 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்து விசைகளும் ஒரு புள்ளி விசையும் கொண்டு 247 எழுத்துகளையும் எழுதலாம். 'வணக்கம்' என்றெழுத அதில் 6 தட்டல்கள் போதும். ஆங்கில எழுத்தில் 8 வேண்டும். இரட்டிக்கும் மெய்க்கு விசைப்பலகையே புள்ளியிட்டுக் கொள்ளும். தொல்காப்பியர் வகுத்த எழுத்தமைதிக்குக் கணினியும் பணிகிறது. பணிய மறுப்பது நம் மனமே!

இன்று செயற்கை நுண்ணறிவு எழுத்துக் குவியலிலிருந்தே மொழியைக் கற்கிறது. தமிழர் தமிழெழுத்தில் எழுதாவிடின் அது எத்தமிழைக் கற்கும்? 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் தம் ஊர் ஏரியையும் கோயிலையும் கல்வெட்டையும் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தெரிந்த மாணவரே கணினி கற்றவர் என்போம்.

எனவே, ஒவ்வொரு கல்லூரியிலும் முதற்பருவத்திலேயே தமிழ்99 தட்டச்சுப் பயிற்சி கட்டாயமாதல் வேண்டும். பொய்ச்செய்தி அறிதலும் பணமோசடி தவிர்த்தலும் தமிழிலேயே கற்பிக்கப்படல் வேண்டும். அரசும் வங்கியும் தம் படிவங்களையும் கட்டுப்பாடுகளையும் முதற்கண் தமிழில் தருதல் வேண்டும். அதுவரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. நம் அன்பர் ஒவ்வொருவரும் தம் ஊர் மாணவர் ஐவர்க்கேனும் இத்தட்டச்சைக் கற்பிப்பாராக.

அரியலூர் மண்ணின் கீழப்பழுவூரில் பிறந்த சின்னச்சாமி, 1964 சனவரி 25ஆம் நாள் திருச்சிராப்பள்ளித் தொடர்வண்டி நிலையத்தின் முன் தமிழுக்காகத் தம்மைத் தீக்கு ஈந்தார். அவ்வூர்ப் பிள்ளைகளிடம் தமிழ் இன்று உயிரைக் கேட்கவில்லை. விரல் நுனியைத்தான் கேட்கிறது. அதையுமா மறுப்போம்?